மார்வில் எங்கே நின்று எடுத்தார்? பழைய பாரிஸ் படங்களை வரைபடத்தில் ஏற்றும் வேலை

சார்ல் மார்வில் எடுத்த பாரிஸ் தெருப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, காமிரா எந்த இடத்தில் நின்றது, எந்தப் பக்கம் பார்த்தது, அப்போது மணி எத்தனை இருக்கும் என்று கண்டுபிடித்து, இன்றைய வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்கிற வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். கணினி முன்னால் உட்கார்ந்தே முடிக்கக்கூடிய வேலைதான். மென்பொருள் எல்லாம் இலவசம், படங்களும் இலவசம், பொறுமை மட்டும் நிறைய வேண்டும். எப்படிச் செய்கிறேன் என்று எழுதி வைத்தால் இதே மாதிரி வேறு நகரத்தின் பழைய படங்களை வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

மார்வில் 1813இல் பிறந்தவர், இயற்பெயரில் பொசூ என்று இருக்கும். முதலில் புத்தகங்களுக்குப் படம் வரைந்தார், அப்புறம் புகைப்படத்துக்கு வந்தார், 1862 வாக்கில் பாரிஸ் நகரத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஆனார். ஓஸ்மான் என்ற நிர்வாகி 1853 முதல் 1870 வரை பழைய பாரிஸை இடித்து அகலச் சாலைகளாக வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. இடிபடப்போகும் தெருக்களைப் படம் எடுத்து வைக்கச் சொல்லி நகர நிர்வாகமே மார்விலிடம் வேலை கொடுத்தது. 1860களின் பிற்பாதியில் அப்படி எடுத்தவை மட்டும் 425 படங்கள். இதைத் தவிர புலோன் காட்டுப் பூங்கா, தெருவிளக்குகள், பொதுக் கழிப்பிடங்கள், பிறகு 1870களின் கடைசியில் புதிய சாலைகள் என்று அவர் எடுத்தது ஏராளம். 1879இல் இறந்தார்.

இந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் "ஐயோ, எவ்வளவு அழகு, எல்லாம் போய்விட்டதே" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இவற்றைத் தனித்தனி அழகுப் படங்களாகப் பார்க்கக் கூடாது, மொத்தமாக ஒரு நில அளவைப் பதிவாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் படிக்க வேண்டுமானால் காமிரா நின்ற இடம் தெரிய வேண்டும்.

படங்கள் கிடைப்பதில் பிரச்சினையே இல்லை. பாரிஸ் நகர அருங்காட்சியகங்கள் 2020 ஜனவரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எந்த உரிமைக் கட்டுப்பாடும் இல்லாமல் திறந்துவிட்டன, கர்னவாலே அருங்காட்சியகத்தில் இருக்கும் மார்வில் படங்களும் அதில் அடக்கம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் மெல்போர்னில் உள்ள விக்டோரியா மாநில நூலகத்திலும்கூட இவருடைய படங்கள் இருக்கின்றன. ஒரே படம் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரதியில் வெளிறிப்போன மூலை இன்னொன்றில் தெளிவாக இருக்கலாம். தளத்தில் கண்ணுக்குத் தெரிகிற சின்னப் படத்தைச் சேமிக்காமல், இருப்பதிலேயே பெரிய கோப்பைத் தேடி எடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் மொத்த வேலையும் ஒரு கடைப் பலகையின் மேல் இருக்கிற எழுத்தில் போய் நிற்கும்போது ஒவ்வொரு பிக்சலும் வேண்டியிருக்கும்.

இறக்கியதும் முதல் வேலை, மஞ்சளை எடுப்பது. இவை ஈரக் கொலோடியன் (கண்ணாடித் தகட்டில் பூசும் ஒரு பசை) கண்ணாடி நெகட்டிவிலிருந்து, முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் தாளில் பதித்தவை. ஒரு படம் ஏறத்தாழ 27க்கு 36 சென்டிமீட்டர் இருக்கும், அவ்வளவு பெரிய கண்ணாடித் தகட்டையே காமிராவுக்குள் வைத்து எடுத்தார்கள். பெரிதாக்காமல் தகட்டைத் தாளோடு சேர்த்து வைத்து வெயிலில் பதித்ததால் நுணுக்கம் அப்படியே இருக்கிறது. ஆனால் வெள்ளைக்கரு நாளாக ஆக மஞ்சளாகும், வெள்ளி மங்கும், பழுப்புப் புள்ளிகள் வரும்.

இங்கே பலரும் நேராகக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் படத்தைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்புச் சேனலில் மஞ்சள் கறையும் பழுப்புப் புள்ளியும் அநேகமாகக் காணாமலே போய்விடும், சுவர், ஜன்னல், கல் எல்லாம் சுத்தமாகத் தெரியும். நீலச் சேனலில் அதே கறைகள் கன்னங்கரேல் என்று இருக்கும், பார்க்கவே அசிங்கம். ஆனால் மங்கிப்போன இடங்களில் மிச்சம் இருக்கிற வெள்ளி மஞ்சள் சாயலாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், வெளிறிய சுவரில் இருக்கும் எழுத்து அந்த அசிங்கமான நீலச் சேனலில்தான் கிடைக்கும். அதனால் நான் இரண்டையும் தனிக் கோப்பாக வைக்கிறேன். அளவெடுக்க ஒன்று, எழுத்துப் படிக்க ஒன்று.

செயற்கை நுண்ணறிவை வைத்துப் படத்தைக் கூர்மையாக்கும் கருவிகளை இந்த வேலைக்குத் தொடவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவை இல்லாத ஜன்னல் கம்பியைப் போடும், மங்கலான நான்கு எழுத்தை ஏதோ ஒரு சொல்லாக மாற்றும். பார்க்க நன்றாக இருக்கும், சாட்சியாக எதற்கும் ஆகாது. வெளிச்ச வளைவை ஏற்றி இறக்குவது, பகுதி பகுதியாக மாறுபாட்டைக் கூட்டுவது, இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கொலோடியன் எப்படிப் பார்க்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நீலமும் ஊதாவும் மட்டும்தான் கண். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அதற்கு இருட்டு. சிவப்புப் பலகையில் தங்க எழுத்து எழுதிய கடை என்றால் இரண்டும் சேர்ந்து கறுத்துவிடும். பாரிஸின் வீட்டு எண்கள் 1847 முதல் நீல எனாமல் தகட்டில் வெள்ளையாக எழுதப்பட்டவை. கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று இருக்கும்! படத்திலோ அந்த நீலமும் வெளுத்து விழும், வெள்ளை எண் அதற்குள் கரையும். எண் தெரியவில்லை என்று விட்டுவிடாமல், அந்தச் சிறு செவ்வகத்தை மட்டும் வெட்டி எடுத்து மாறுபாட்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஏற்றிப் பாருங்கள். சில சமயம் வட்டத்தின் ஒரு வளைவு வரும், 8 அல்லது 6 என்று சொல்லலாம். அதுவே போதும்.

ஏன் போதும் என்றால், பாரிஸின் கதவு எண்களுக்கு 1805இல் ஒரு ஒழுங்கு வந்தது. சேன் ஆற்றுக்கு இணையாகப் போகும் தெருவில் எண்கள் ஆறு ஓடும் திசையிலேயே ஏறும். ஆற்றை விட்டு விலகிப் போகும் தெருவில் ஆற்றங்கரையிலிருந்து ஏறும். ஏறும் திசையில் நடந்தால் இடது கைப்பக்கம் ஒற்றைப்படை, வலது கைப்பக்கம் இரட்டைப்படை. ஆக படத்தின் வலது பக்கச் சுவரில் ஒரே ஒரு இரட்டைப்படை எண் தெரிந்தாலும், காமிரா எண் ஏறும் பக்கம்தான் பார்க்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். ஒரு எண்ணை வைத்துத் திசையையே பிடிக்க முடிகிற இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

தலைப்பும் நிறையச் சொல்லும். மார்வில் படங்களின் தலைப்புகள் பெரும்பாலும் இன்ன தெரு, இன்ன தெருவிலிருந்து என்ற வடிவத்தில் இருக்கும். ரூ தெ லா பூஷெரி என்ற தெருவை, சேன்-ஆம்ப்ருவாஸ் முட்டுச்சந்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அந்த முட்டுச்சந்து இன்று இல்லை, ஆனால் அது எங்கே திறந்தது என்று பழைய வரைபடம் சொல்லும். தலைப்பு நம்மைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிடும், மிச்சமுள்ள சில மீட்டரை நாம்தான் கணக்கிட வேண்டும்.

பழைய வரைபடம் என்றேன், அதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு. வாஸ்ஸெரோ தொகுப்பு என்று ஒன்று உண்டு. 1810 முதல் 1836 வரை பாரிஸின் ஒவ்வொரு கட்டடத் தொகுதியையும் தரைத்தளத்தோடு வரைந்த தாள்கள். மாடிப்படி, உள்முற்றம், சுவரின் தடிமன் எல்லாம் இருக்கும். ஒரு வீட்டின் முகப்பு நேராக இல்லாமல் லேசாக மடங்கியிருந்தால் அந்த மடக்குகூட இருக்கும். அந்த மடக்குதான் படத்தில் வெளிச்சம் மாறுகிற கோடாக விழும், இரண்டையும் பொருத்திப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இந்தத் தாள்களை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த வேண்டும். பொருத்துப் புள்ளிகளாக இன்றும் நிற்கிற கட்டடங்களின் மூலைகளை எடுக்க வேண்டும். சேன்-செவரன் தேவாலயம், சேன்-ழெர்மேன்-தெ-ப்ரே, நோத்ருதாம் மாதிரி இடிக்கப்படாதவை. பாலங்களையும் ஆற்றங்கரைச் சுவர்களையும் தவிர்த்துவிடுங்கள், அவை அந்த நூற்றாண்டில் பலமுறை மாறியிருக்கின்றன. புள்ளிகளை ஒரே மூலையில் குவிக்காமல் தாளின் நான்கு பக்கமும் பரப்ப வேண்டும். ஆயத்தொலை முறையாக பிரான்ஸ் வரைபடங்களுக்கான லாம்பர்ட்-93 வைத்துக்கொண்டால் எல்லாம் மீட்டரிலேயே வரும், பின்னால் தூரம் அளக்க வசதி.

ஒரு எச்சரிக்கை. எல்லாத் தெருவும் வாஸ்ஸெரோவில் இருக்காது. சேன் ஆற்றின் நடுவே உள்ள சித்தே தீவில் இருந்த ரூ தெ கான்ஸ்தான்தீன் தெருவை மார்வில் 1866இல் எடுத்திருக்கிறார். தெருக் கோடியில் நீதி அரண்மனையின் முகப்பு தெரியும். அல்ஜீரியாவில் உள்ள கான்ஸ்தான்தீன் நகரை பிரான்ஸ் பிடித்த 1837ஆம் ஆண்டை ஒட்டித்தான் இந்தத் தெருவுக்கு அந்தப் பெயர், அதாவது வாஸ்ஸெரோ வரைந்து முடித்த பிறகு வந்த தெரு. இதற்கு நூற்றாண்டின் நடுவில் வந்த வரைபடம்தான் வேண்டும். இன்று அதன் இடத்தில் ரூ தெ லூதேஸ் இருக்கிறது. பக்கத்து வீடுகள் ஒன்றும் இல்லை, நீதி அரண்மனையின் தூண்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. ஒரு நல்ல பிடிமானம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இனிமேல்தான் முக்கியமான வேலை, காமிராவின் இடத்தைப் பிடிப்பது. இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. படத்தில் கிட்டத்தில் இருக்கும் ஒரு கட்டடத்தின் செங்குத்து மூலையும், அதற்குப் பின்னால் தூரத்தில் இருக்கும் இன்னொரு கட்டடத்தின் செங்குத்து மூலையும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் தெரிகிற இடத்தைத் தேடுங்கள். அந்த இரண்டு மூலைகளையும் வரைபடத்தில் கண்டுபிடித்து, அவை வழியாக ஒரு கோடு போட்டுத் தெருப்பக்கம் நீட்டுங்கள். காமிரா அந்தக் கோட்டின் மேல் எங்கேயோதான் நின்றாக வேண்டும், வேறு எங்கே நின்றாலும் அந்த இரண்டு மூலைகளும் அப்படி ஒட்டித் தெரியாது. இதே மாதிரி படத்தின் இன்னொரு பக்கத்தில் இன்னொரு ஜோடியைப் பிடித்து இரண்டாவது கோடு போடுங்கள். இரண்டும் வெட்டுகிற இடம்தான் மார்வில் நின்ற இடம். மூன்றாவது கோடும் கிடைத்து, அதுவும் அதே இடத்தில் வந்து விழுந்தால் சந்தேகமே வேண்டாம். விழாமல் ஒரு சின்ன முக்கோணம் வந்தால் அந்த முக்கோணத்தின் அளவுதான் உங்கள் பிழையின் அளவு, அதையும் குறித்து வையுங்கள்.

எந்த மூலையை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். கூரை விளிம்பையும் புகைபோக்கிகளையும் நம்பக் கூடாது. அந்தக் காலத்து நெகட்டிவ்களில் வானம் கறையோடு வரும் என்பதால் அதன் மேல் தூரிகையால் மை பூசி மறைப்பது வழக்கம், பதிக்கும்போது வானம் சுத்த வெள்ளையாக வரும். அப்படிப் பூசும்போது தூரிகை கூரையின் ஓரத்தையும் ஒரு புகைபோக்கியையும் கொஞ்சம் விழுங்கியிருக்கலாம். முதல் மாடி, இரண்டாம் மாடி உயரத்தில் இருக்கும் சுவர் மூலைகள்தான் பாதுகாப்பு. இன்னொன்று, ஆல்புமின் தாளை நனைத்து அட்டையில் ஒட்டும்போது ஒரு திசையில் கொஞ்சம் நீளும். இரண்டு பிரதி இருந்தால் அகல உயர விகிதத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன மூலை ஜோடி முறைக்கு இந்த நீட்சியால் பாதிப்பு இல்லை, கோணம் அளக்கும் முறைகளுக்கு உண்டு. நான் மூலை ஜோடியையே கட்டிக்கொண்டு அழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காமிரா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதையும் எடுக்கலாம். தெருவின் இரு பக்கத்திலும் உள்ள ஜன்னல் வரிசைகள், தளக் கோடுகள் எல்லாவற்றையும் நீட்டினால் ஒரு மறைபுள்ளியில் போய்ச் சேரும். தெரு வளைந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட மறைபுள்ளி வரும், ஆனால் எல்லாமே ஒரே கிடைக்கோட்டில் இருக்கும். அதுதான் அடிவானக் கோடு. அந்தக் கோடு வெட்டுகிற எல்லாப் பொருளும் அந்த இடத்தில் லென்ஸின் உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சாதாரணக் கதவை அந்தக் கோடு எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் உயரம் தோராயமாக வந்துவிடும். கோடு படத்தின் நடுவில் இருக்காது, கீழே தள்ளித்தான் இருக்கும். உயரமான வீடுகள் முழுதாக விழ வேண்டும், சுவர்களும் சாயக் கூடாது என்பதற்காகக் காமிராவை நிமிர்த்தாமல் லென்ஸை மட்டும் மேலே ஏற்றி வைத்து எடுத்தார்கள். படத்தின் நடுப்புள்ளிதான் லென்ஸின் மையம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும் மென்பொருள்கள் இங்கே தடுமாறும்.

தெருக்கள் ஏன் காலியாக இருக்கின்றன என்று கேட்கிறார்கள். காலி இல்லை. தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் எடுத்து உருத்துலக்கியாக வேண்டும், அதற்கே பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். குறுகிய சந்தின் மங்கல் வெளிச்சத்தில் லென்ஸ் பல விநாடிகள் திறந்தே இருக்க வேண்டியிருக்கும். அதற்குள் நடந்து போகிறவர் தகட்டில் பதியமாட்டார். நின்றவர் பதிவார், பாதி நேரம் நின்றவர் பாதி பதிவார். 1838இல் புகைப்பட முன்னோடி தாகேர் எடுத்த பூல்வார் து தாம்ப்ல் படத்தில் அவ்வளவு பெரிய சாலையில் காலணிக்கு மெருகு போட நின்ற ஒரு மனிதர் மட்டும் தெளிவாகத் தெரிகிறாரே, அதே கதைதான். மார்வில் படத்தைப் பெரிதாக்கும்போது கதவு நிலைகளையும் முதல் மாடி ஜன்னல்களையும் அவசரப்படாமல் பாருங்கள். வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து நிற்பது அங்கேதான்.

அடுத்து நேரம். பாரிஸ் வடக்கே ஏறத்தாழ 48.85 பாகையில் இருக்கிறது. ஜூன் உச்சியில்கூட நண்பகல் சூரியன் 65 பாகையைத் தொடாது, டிசம்பரில் 18ஐத் தொடாது. இதை வைத்து ஒரு கணக்கு: கிழக்கு மேற்காகப் போகிற 5 மீட்டர் அகலச் சந்து, இரண்டு பக்கமும் 18 மீட்டர் உயர வீடுகள் என்றால், நடுக்கோடையில் நண்பகலிலும் தெற்குச் சுவரின் நிழல் எட்டரை மீட்டர் விழும், ஆக வெயில் தரையைத் தொடாமல் எதிர்ச் சுவரிலேயே நின்றுவிடும். அந்தச் சந்தின் தரையில் வெயில் தெரிந்தால் சூரியன் ஏறக்குறைய சந்தின் நீளவாக்கிலேயே இருந்திருக்க வேண்டும், அதாவது காலையோ மாலையோ. நிழல்கள் சந்தின் எந்த முனையைப் பார்த்து நீள்கின்றன என்பதிலிருந்து காலையா மாலையா என்பது வரும். நீதி அரண்மனை முகப்பு கிழக்குப் பக்கம் பார்ப்பது, அதில் வெயில் நேராக விழுந்தால் காலை, யோசிக்கவே வேண்டியதில்லை.

நிழலின் சாய்வை அளந்து சூரியன் இருந்த இடத்தைக் கணக்கிட்டால் இரண்டு தேதிகள் வரும், ஒன்று வசந்தத்தில், ஒன்று இலையுதிர் காலத்தில். எது என்று வானம் சொல்லாது, ஒரு மரம் தெரிந்தால் அது சொல்லும். மணியை எழுதும்போது இன்னொரு விஷயம்: அன்று பாரிஸ் தன் உள்ளூர் நேரத்தில் ஓடியது, கிரீன்விச்சுக்கு 9 நிமிடம் 21 விநாடி முன்னால். இன்றைய கருவிகள் மத்திய ஐரோப்பிய நேரத்தில் விடை தரும். அன்றைய பகல் 12 மணி இன்றைய குளிர்காலக் கடிகாரத்தில் கிட்டத்தட்ட 12.51. ஏதாவது கடிகார முகப்பு படத்தில் தெரிந்து அதோடு ஒப்பிடப் போனால் இந்த வித்தியாசம் முக்கியம்.

ஆண்டைக் கணிக்கத் தெருச் சாமான்களும் கோபுரங்களும்தான் துணை. நோத்ருதாமின் கூரைமேல் ஒல்லி ஊசிக்கோபுரம் தெரிந்தால் 1859க்குப் பிறகு. விளம்பரம் ஒட்டும் மோரிஸ் தூண் இருந்தால் 1868க்குப் பிறகு, பச்சை வாலஸ் குடிநீர்க் குழாய் இருந்தால் 1872க்குப் பிறகு. வாந்தோம் தூண் இல்லாத சதுக்கம் என்றால் அது விழுந்த 1871 மே மாதத்துக்கும் திரும்ப நிறுத்தி முடித்த 1875க்கும் இடையில். சுவரில் 1881 ஜூலை 29 சட்டத்தைச் சொல்லி விளம்பரம் ஒட்டத் தடை என்று எழுதியிருந்தால் மார்வில் எடுத்ததாகவே இருக்க முடியாது, இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்படித் தவறாக அவர் பேரில் சுற்றுகிற படங்களைக் கழிக்க இந்த ஒரு வரி நல்ல சல்லடை.

பூங்காப் படங்கள் வேறு ரகம், எனக்கு அவைதான் கஷ்டம். புலோன் காட்டை மூன்றாம் நெப்போலியன் 1852இல் நகரத்துக்குக் கொடுத்தார், ஏரி வெட்டி, பாதை வளைத்து, அருவி கட்டி அதைப் பூங்காவாக ஆக்கினார்கள். 1858 வாக்கில் மார்வில் அங்கே போய் எடுத்த படங்கள் அருமையானவை. ஆனால் சுவர் மூலை இல்லை! பச்சைக்குக் குருடான தகட்டில் இலைக்கூட்டம் எல்லாம் ஒரே கரும் திட்டு, காற்றடித்தால் அதுவும் கலங்கும், தண்ணீர் பால் மாதிரி வழுவழுப்பாக விழும். மரத்தை அடையாளமாக வைக்கவும் முடியாது. வளர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும், பிரஷ்யப் படைகள் பாரிஸைச் சூழ்ந்த 1870-71 முற்றுகையின்போது அந்தக் காட்டில் ஏராளமான மரங்களை வெட்டிவிட்டார்கள், அன்றைய மரங்கள் நிற்கும் என்று நம்பித் தொடங்கவே கூடாது.

அதனால் பாறைக்குப் போக வேண்டும். பெரிய அருவியின் பாறைகள் இன்றும் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கின்றன. சுவர் மூலைக்குப் பதிலாகப் பாறையின் ஒரு மூக்கு, அதற்குப் பின்னால் இன்னொரு பாறையின் பிளவு என்று ஜோடி பிடிக்கிறேன். இதற்குத் துல்லியமான பழைய வரைபடம் இல்லை என்பதால் சுற்றுலாப் பயணிகள் போட்டிருக்கும் இன்றைய படங்களை நிறையச் சேர்த்து, இரண்டு ஜோடியும் சரியாக ஒட்டுகிற படத்தைத் தேடி, அந்தப் படம் எடுத்த இடத்தை எடுத்துக்கொள்கிறேன். சில மீட்டர் பிழை இருக்கத்தான் செய்யும். ஜிப்சம் வெட்டிய குழிகளை அப்படியே மலையும் ஏரியுமாக மாற்றி 1867 ஏப்ரல் 1இல் திறந்த பூத்-ஷோமோன் பூங்காவில் இந்த முறை இன்னும் நன்றாக வேலை செய்யும். அங்கே செங்குத்துப் பாறை மேல் கட்டடக் கலைஞர் தாவியூ கட்டிய சிபில் மண்டபம் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், மண்டபத்தின் தூண்கள் பின்னாலிருக்கும் எதனோடு ஒட்டுகின்றன என்று பார்த்தால் ஒரு கோடு உறுதி.

இப்படி வைத்த புள்ளிகளை எல்லாம் ஒன்றாகத் திறந்து, அதன் மேல் ஓஸ்மான் வெட்டிய சாலைகளை ஒரு சிவப்பு அடுக்காகப் போட்டபோதுதான் நான் முதலில் சொன்னது கண்ணுக்குத் தெரிந்தது. பழைய தெருப் படங்களின் புள்ளிகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை, வரவிருந்த சாலைகளை ஒட்டிக் கோர்த்தாற்போல் நிற்கின்றன. ஆற்றின் இடது கரையில் பூல்வார் சேன்-ழெர்மேன் ஓடும் பாதையைப் பாருங்கள், அது முழுதாக முடிந்தது 1877இல், மார்வில் அதன் வழியில் இருந்த சந்துகளை அதற்கு எத்தனையோ வருடம் முன்பே எடுத்துவிட்டார். அழகான தெருவைத் தேடி அலைந்தவர் எடுத்த படங்கள் இப்படி வரிசையில் விழாது. கையில் இடிப்புத் திட்டத்தோடு போனவர் எடுத்தது இது. ஒரு சந்தின் இந்த முனையிலிருந்து ஒன்று, அந்த முனையிலிருந்து ஒன்று, முட்டுச்சந்துக்குள் ஒன்று என்று விடாமல் எடுத்திருக்கிறார். அந்த முறையான உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. தனியாக ஒரு படத்தை மட்டும் அட்டையில் போட்டு ஏக்கப் பெருமூச்சு விடுவது இந்த உழைப்பை மறைக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

வரிசையில் சேராத புள்ளிகளும் உண்டு. தெற்கே பியேவ்ர் ஆற்றங்கரையில் தோல் பதனிடும் கொட்டில்களை எடுத்த படம் மாதிரி. சாயமும் தோல் கழிவும் கலந்து ஓடிய அந்தச் சிற்றாற்றை நகருக்குள் 1912 வாக்கில் முழுதும் மூடிவிட்டார்கள். கோபலின் நெசவுக்கூடத்தின் பின்னால் போகும் ரூ பெர்பியே-து-மே தெரு ஆறு போன தடத்திலேயே வளைந்து போகிறது. தெருவின் வளைவைப் படத்தில் தெரியும் தண்ணீரின் வளைவோடு பொருத்த முடிந்தது.

பதிவு வைப்பது பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு புள்ளிக்கும் படத்தின் அருங்காட்சியக எண், மூலத் தலைப்பு, பார்க்கும் திசை பாகையில், பிழை முக்கோணத்தின் அளவு, எந்த மூலைகளை வைத்து எடுத்தேன் என்ற குறிப்பு, இவை கட்டாயம். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை, புள்ளிக்கு மதிப்பும் இல்லை. உறுதியானவை, ஓரளவு உறுதியானவை என்று இரண்டு நிறம் கொடுத்திருக்கிறேன், தலைப்பை மட்டும் நம்பி வைத்தவை இரண்டாவது நிறத்தில்.

இப்போது அவென்யூ தெ லோபெரா சாலையை வெட்டும்போது 1876-77 வாக்கில் எடுத்த படங்களில் கை வைத்திருக்கிறேன். பூத் தே முலேன் என்ற மேட்டையே சமமாக வெட்டித்தான் அந்தச் சாலை போனது, அதனால் தரைமட்டம் மாறிவிட்டது. அடிவானக் கோட்டிலிருந்து காமிரா உயரம் எடுக்கும் முறை தரை எங்கே என்று தெரிந்தால்தான் செல்லும். மேடு இருந்தபோதைய மட்டக் குறிகள் உள்ள வரைபடத்தைத் தனி அடுக்காக ஏற்றிக்கொண்டிருக்கிறேன், அது பொருந்திய பிறகுதான் அங்கே முதல் கோட்டைப் போட முடியும்.